கனாரித் தீவுகளில் ஜூலையில் பாய்ப்படகு: "வருஷம் முழுக்க வசந்தம்" என்பதை நம்பலாமா?

ஜூன் 2, 2024. கேள்வி

அண்ணா, நாங்க நாலு பேர், ஜெர்மனியில வேலை. ஒருத்தருக்குப் படகு ஓட்டுற லைசென்ஸ் இருக்கு, ஆனா ஓட்டினதெல்லாம் ஏரியிலதான். ஜூலை ரெண்டாவது வாரம் ஸ்பெயினோட கனாரித் தீவுகள்ல, டெனெரிஃபே தீவோட தெற்குல 36 அடி பாய்ப்படகு ஒண்ணு வாடகைக்குப் பேசி வச்சிருக்கோம். ஏழு நாள்ல லா கோமேரா, லா பால்மா, எல் இயெரோ மூணையும் பாத்துட்டுத் திரும்பணும். கனாரியில வருஷம் முழுக்க வசந்தம், புயலே கிடையாது, புதுசா ஓட்டுறவங்களுக்கு ஏத்த கடல்னு போனவங்க எல்லாரும் சொல்றாங்க. போன்ல பாத்தாலும் 24 டிகிரி, காற்று 12 லேருந்து 15 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்). நீங்க அங்கயே இருக்கீங்களே, சரியா வருமா?

ஜூன் 2, இரவு

வராது தம்பி. ஏழு நாளில் மூன்று தீவு என்பதே இழுபறி. அதுவும் ஜூலையில்!

24 டிகிரி சரிதான். ஆனால் அந்த வசந்தம் கரையில் இருப்பவருக்கு. அலிஸியோஸ் என்று இங்கே சொல்லும் வடகிழக்குக் காற்று வருடத்திலேயே உறுதியாக அடிப்பது ஜூலை, ஆகஸ்டில். கரையில் வெயில் உறைக்காமல் பார்த்துக்கொள்வது அந்தக் காற்றுதான், கடலில் உங்களைப் போட்டு அடிக்கப்போவதும் அதுவேதான். போன் காட்டுகிற 15 நாட் திறந்த கடலுக்கு. இரண்டு தீவுக்கு நடுவில் அதே நேரத்தில் 25, 30 அடிக்கும்.

நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். காலையில் ஷிஃப்ட்.

ஜூன் 3

நான் 2018-இல் கிரான் கனாரியா தீவின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்துக்குக் கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்தவன். பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டது இங்கேதான், கூட வேலை செய்யும் கனாரியர் ஒருவரிடம். 2019 ஜூலையில் நீங்கள் சொல்கிற அதே வழியில் போனோம்: டெனெரிஃபேயின் தென்முனையில் லாஸ் கயேத்தாஸிலிருந்து கோமேராவின் சான் செபஸ்தியானுக்கு. ஏறத்தாழ 25 கடல் மைல். வாடகைப் படகு. கம்பெனி பெயர் வேண்டாம்.

ராஸ்கா முனையைத் தாண்டியதும் காற்று செத்துப்போனது. கடல் எண்ணெய் ஊற்றியது போல. பாய் துவண்டு தொங்கியது. எஞ்சினைப் போட்டோம். பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் குடித்தோம். நான் முழுப்பாயையும் ஏற்றியே வைத்திருந்தேன், கொஞ்சம் காற்று வந்தால் வீணாக்க வேண்டாம் என்று. நண்பர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தபடியே இருந்தார். என்னவென்று கேட்டேன். விரலை நீட்டினார்.

தண்ணீரில் ஒரு கோடு. இந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று கிடந்த கடல், அந்தப் பக்கம் கருநீலமாக, மேலே வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. யாரோ அளவுகோல் வைத்துக் கிழித்தது போல இருந்தது.

"அதுக்கு முன்னாடி பாயைக் குறைக்கணும்" என்றார். குறைக்கப் போனால் கயிறு இறங்கவில்லை. பாயின் கீழ்ப்பகுதியை இழுத்துச் சுருக்கும் கயிறு, கப்பியில் சிக்கி நின்றுவிட்டது. அதன் மேல்நூல் ஏற்கெனவே பிய்ந்து பஞ்சாகியிருந்தது. புறப்படும் முன் கையில் உருட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இழுத்தேன், உருவிக்கொண்டு போய் வலது உள்ளங்கை எரிந்தது. அதற்குள் கோடு வந்துவிட்டது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து ஓரக்கம்பி தண்ணீருக்குள் போனது. சுக்கான் பிடி கொடுக்கவில்லை. சுக்கானின் தகடே பாதி தண்ணீருக்கு வெளியே! படகு தானாகத் திரும்பிக் காற்றுக்கு முகம் காட்டி நின்று உதறியது. 35 நாட் இருக்கும். நண்பர் ஏறிப்போய் அந்தக் கயிற்றைக் கத்தியால் அறுத்து, பாயைக் கையால் இழுத்துக் கட்டினார். மீதித் தூரம் முன்பாயில் ஒரு துண்டை மட்டும் விரித்துக்கொண்டு போனோம்.

ஏன் இப்படி? டெனெரிஃபேயின் நடுவில் 3,715 மீட்டரில் தெய்தே நிற்கிறது, ஸ்பெயின் நாட்டின் மிக உயரமான இடம். எதிரே கோமேரா 1,487 மீட்டர். வடகிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு மலையைத் துளைத்துப் போக வழியில்லை. மேலே ஏறிப் போகவும் முடியாது (ஏன் என்பதைத் தனியாக எழுதுகிறேன், அதுதான் இந்தத் தீவுகளுக்கே சாவி). பக்கவாட்டில்தான் பிதுங்கிப் போக வேண்டும். வாய்க்கால் குறுகுகிற இடத்தில் தண்ணீர் வேகம் பிடிக்குமே, அதேதான். மலைக்கு நேர் பின்னால் காற்றே இருக்காது. நிழல் முடியும் இடத்தில் படிப்படியாக ஏறாது, கதவு திறந்தது போல வரும்.

ஜூன் 3, பிற்பகல்

திருத்தம். 35 நாட் என்று எழுதிவிட்டேன். பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். 14:20-க்கு 29, ஒரே ஒரு வீச்சு 34. பயத்தில் பார்த்த எண் ஞாபகத்தில் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. 29 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை முன்னறிவிப்பு 14.

ஜூன் 5

மேலே ஒருவர் கேட்டிருக்கிறார், சஹாரா பக்கத்திலேயே இருக்கும்போது இந்தத் தீவுகள் ஏன் கொதிக்கவில்லை என்று. சரியான கேள்வி. கிழக்கே இருக்கும் ஃபுயெர்தெவெந்தூரா தீவிலிருந்து ஆப்பிரிக்கக் கரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். லாஸ் பால்மாஸ் 28 டிகிரி வடக்கே, கிட்டத்தட்ட டெல்லி இருக்கும் அட்சரேகை. ஜூனில் டெல்லி வெந்துகொண்டிருக்கும்போது நான் மாலையில் மேல்சட்டை போட்டுக்கொண்டு கடற்கரையில் நடக்கிறேன்.

முதல் காரணம் கடல். வடக்கிலிருந்து ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி இறங்கும் கனாரி நீரோட்டம் குளிர்ந்தது. பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் 18, 19 டிகிரி. செப்டம்பரில் 23-ஐ ஒட்டி வரும். அவ்வளவுதான் ஏற்ற இறக்கம்.

இரண்டாவது காரணம்தான் அந்தச் சாவி. வடகிழக்குக் காற்று ஈரமானது, ஆனால் தடிமன் குறைவு. அதற்கு மேலே அட்லாண்டிக்கில் அசோர்ஸ் தீவுகள் பக்கம் நிற்கும் உயர் அழுத்தத்திலிருந்து இறங்கி வரும் காற்று உலர்ந்தும் வெப்பமாகவும் இருக்கும். கீழே குளிர்ச்சி, மேலே சூடு. பானைக்கு மூடி போட்டது போல. சுமார் 1,000 முதல் 1,500 மீட்டருக்குள் அந்த மூடி இருக்கும், கோடையில் இன்னும் தாழ்ந்து வரும். மலையின் வடக்கு முகத்தில் ஏறும் ஈரக்காற்று மூடியில் முட்டி மேகமாகப் பரவுகிறது. மேலே போக முடியாமல் தீவைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. வடக்கே மேகம் படிவதும், இரண்டு தீவுக்கு நடுவிலான கடல் கால்வாயில் காற்று பாய்வதும், தெற்குக் கரையில் வெயில் காய்வதும் இந்த ஒரு மூடியின் வேலை. இது மனதில் ஏறிய பிறகுதான் எனக்கு இந்தக் கடல் புரிய ஆரம்பித்தது.

தெய்தேக்கு வடக்கிலிருந்து காரில் ஏறிப் பாருங்கள். பனிமூட்டத்துக்குள் வைப்பர் போட்டுக்கொண்டு ஊர்வீர்கள், பைன் மரங்கள் சொட்டிக்கொண்டிருக்கும். ஒரு வளைவு திரும்பியதும் சுள்ளென்று வெயில், நீல வானம், காலடியில் மேகக்கடல், உதடு வெடிக்கிற வறட்சி.

லாஸ் பால்மாஸில் ஜூலை முழுக்கத் தலைக்கு மேல் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து தொங்கும் மேகத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் "கழுதை வயிறு". அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுதையின் வயிறேதான், சந்தேகமில்லை. அரை மணி நேரம் தெற்கே ஓட்டினால் மாஸ்பலோமாஸில் மணல் சுடும். அதனால் "கனாரியில் 24 டிகிரி" என்ற எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எந்தப் பக்கம், எத்தனை உயரம்? அந்த இரண்டைக் கேட்டுவிட்டுத்தான் இங்கே வானிலை பேச முடியும்.

ஜூன் 5, இரவு

விட்டுப்போனது ஒன்று. வடகிழக்குக் காற்று என்றதும் நம் ஊர் நினைப்பில் மழையை எதிர்பார்க்காதீர்கள். இந்தக் காற்று மேகம் கொடுக்கும், மழை அரிதாகத்தான் கொடுக்கும். மூடி மேகத்தை உயர விடுவதில்லையே. தண்ணீரை மரங்கள்தான் சீவி எடுக்கின்றன.

கோமேராவில் கராஹோனாய் காடு. 1986-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்த வகை லாரல் காடு பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலைச் சுற்றியெல்லாம் இருந்தது. அங்கே அழிந்து, இங்கே அந்த மேகத்தின் தயவில் மிஞ்சியது. நான் போன அன்று ஒரு சொட்டு மழை இல்லை. பாசி படர்ந்த ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் நின்றேன், காலர் நனைந்து முதுகில் வழிந்தது. இரண்டடி தள்ளி ரோட்டில் தார் உலர்ந்து கிடந்தது.

எல் இயெரோவில் ஆறு கிடையாது. அங்கே கரோயே என்று ஒரு மரம் இருந்தது. அதன் இலைகள் மூடுபனியைப் பிடித்துச் சொட்டியதை, அடியில் பாறையில் வெட்டிய தொட்டிகளில் சேர்த்துத்தான் பிம்பாச்சே என்ற பூர்வகுடிகள் குடித்தார்கள். 1610-இல் ஒரு புயலில் சாய்ந்தது. பிற்பாடு அதே இடத்தில் அதே இனத்து மரத்தை நட்டிருக்கிறார்கள்.

மேகம் தவழும் உயரம் கொஞ்சம் மாறினாலும் இந்தக் காட்டுக்கு ஏறவோ இறங்கவோ இடமில்லை. மேலே வறண்ட வெளி, கீழே மனிதர்கள் எடுத்துக்கொண்ட நிலம். கராஹோனாயில் 2012-இல் தீ பிடித்தது. கருகிய பகுதியையும் நடந்து பார்த்தேன். அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

ஜூன் 9

கொலம்பஸ் இங்கிருந்துதானே போனார், அவருக்கு இந்தக் காற்று தெரியாதா என்ற கேள்விக்கு.

தெரியும், நன்றாகவே. நேர் மேற்கே இழுத்துப் போகும் காற்று இங்கே கிடைக்கும் என்றுதான் ஸ்பெயினிலிருந்து முதலில் தெற்கே இறங்கி வந்தார். 1492 செப்டம்பர் 6-ஆம் தேதி சான் செபஸ்தியானிலிருந்து கிளம்பினார். பிறகு என்ன ஆனது? 8-ஆம் தேதி விடியற்காலை மூன்று மணி வரை கோமேராவுக்கும் டெனெரிஃபேக்கும் நடுவிலேயே காற்றில்லாமல் கிடந்தார். எங்கள் பாயைப் பிடுங்கிய அதே கால்வாய்தான். பிறகு வடகிழக்கு எழுந்தது, கிளம்பிவிட்டார்.

இதைப் படித்தபோது என் கணக்கையும் திருத்திக்கொண்டேன். "கால்வாயில் எப்போதும் 30" என்று நான் கற்றுத்தந்தால் அதுவும் தப்பு. வடகிழக்குக் காற்றே விழுந்துபோகும் நாட்கள் உண்டு, செப்டம்பரில் ஜூலையைவிட அதிகம். ஏழு நாள் எடுத்துவிட்டுச் செப்டம்பர் கடைசியில் வாருங்கள் என்று நான் சொல்ல நினைத்ததும் அதனால்தான்.

ஜூன் 10

எஞ்சின் வேலை செய்யுமா என்று கேட்டீர்கள். செய்யும். ஆனால் டெனெரிஃபேயின் தென்மேற்கில் அந்தக் காற்று நிழலில் எஞ்சினைப் போட்டு விரட்டாதீர்கள். கரைக்கு மிக அருகிலேயே கடல் ஆயிரம் மீட்டருக்குமேல் ஆழம் போகிறது, கீழே கணவாய் மீன், மேலே அமைதியான தண்ணீர். அதனால் பைலட் திமிங்கிலங்கள் வருடம் முழுக்க அங்கேயே குடியிருக்கின்றன. முக்குளித்துவிட்டு வந்து மேல்மட்டத்தில் கறுப்பு மரக்கட்டை போல மிதந்து களைப்பாறும். 60 மீட்டருக்குள் போகக்கூடாது என்பது சட்டம். எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு இருந்தால் அவை மூச்சு விடுவது கேட்கும், டயரில் காற்றைத் திறந்துவிட்டது போல ஒரு சத்தம்.

2002 செப்டம்பரில் ஃபுயெர்தெவெந்தூரா, லான்சரோத்தே கரைகளில் 14 அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அப்போது அங்கே கடற்படைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. 2004-இல் ஸ்பெயின் தீவுகளைச் சுற்றி 50 கடல் மைலுக்குள் சோனார் (கடலுக்குள் ஒலியனுப்பித் தேடும் கருவி) பயிற்சியைத் தடை செய்தது. அதன் பிறகு அப்படிக் கூட்டமாக ஒதுங்கவில்லை. ஒரு தடை இவ்வளவு தெளிவாகப் பலன் தந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்கட்டும்.

ஜூன் 16

"புயலே கிடையாது" என்பதற்கு வருகிறேன்.

2005 நவம்பர் 28, டெல்டா என்ற வெப்பமண்டலப் புயலின் மிச்சம் இங்கே அடித்தது. கிரான் கனாரியாவின் அகாயேத்தே கரையில் "கடவுளின் விரல்" என்று ஒரு ஒல்லியான பாறை கடலுக்குள் நிமிர்ந்து நின்றது. அன்றிரவு முறிந்தது. இப்போது மொட்டைப் பீடம்தான் நிற்கிறது. ஊர்ப் பெரியவர்கள் இன்னும் அந்தப் பக்கம் விரலை நீட்டித்தான் பேசுகிறார்கள்.

இன்னொன்று கலிமா. சஹாரா தூசி. 2020 பிப்ரவரி 22, 23 இரண்டு நாளும் விமானநிலையங்களை மூடினார்கள். நான் லாஸ் பால்மாஸில் இருந்தேன். காலை பத்து மணிக்குத் தெருவிளக்கு எரிகிற மாதிரி மஞ்சள் வெளிச்சம். எதிர்க்கட்டடம் தெரியவில்லை. பல்லில் மணல். இரண்டு நாள் கழித்துப் படகைப் பார்க்கப் போனேன். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் கை வைத்து இழுத்தால் செங்கல் பொடி வந்தது. கப்பி ஒவ்வொன்றையும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவினோம். கழுவாமல் விட்டால் கயிற்றுக்குள் ஏறிய மணல் உள்ளிருந்தே அறுக்கும். 2019-இல் எங்கள் கயிறு பிய்ந்திருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்தக் கம்பெனியைத் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாதியை மட்டும்.

கலிமா கோடையில் வந்தால் கடற்கரையைவிட மலைமேல் சூடு அதிகம். அப்போதுதான் காடு பற்றும். 2023 ஆகஸ்டில் டெனெரிஃபேயில் எரிந்தது பெருந்தீ. இந்த வருடம் மார்ச்சில் அந்த வழியாகப் போனேன். அடிமரம் கரிக்கட்டை. ஆனால் தண்டின் நடுவிலிருந்தே பச்சைக் கொத்துக் கொத்தாகப் புது ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கனாரிப் பைனின் தடித்த பட்டைக்கு உள்ளே உயிர் பத்திரமாக இருக்கிறது. எரிமலைகளுக்கு நடுவே வளர்ந்த மரம் அல்லவா.

ஜூன் 23

எரிமலை பயமில்லையா என்று ஒருவர். படகு ஓட்ட வருகிறவருக்கு அது கவலையே இல்லை. குடியிருப்பவருக்குக் கவலை.

லா பால்மாவில் 2021 செப்டம்பர் 19 தொடங்கி டிசம்பர் 13 வரை, 85 நாள். எரிகுழம்பு 1,200 ஹெக்டேருக்கு மேல் மூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். தோதோக்கே என்ற ஊரே இல்லை. அடுத்த வருடம் தஸாகோர்த்தே துறைமுகத்தில் படகைக் கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஒரு வாழைத் தோட்டத்தின் சுவர் பாதி வெளியே, பாதி பாறைக்குள். சுவருக்கு இந்தப் பக்கம் குலை தள்ளியிருந்தது. தோட்டக்காரர் இலைமேலிருந்த கறுப்புச் சாம்பலை ஊதுகருவி வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு வருடமாகத் தள்ளுகிறாராம். சாம்பல் உராய்ந்தால் காயில் கோடு விழும், கோடு விழுந்த காயைச் சந்தையில் ஒதுக்கிவிடுவார்கள்.

லான்சரோத்தேயில் 1730 முதல் 1736 வரை ஆறு ஆண்டு விடாமல் வெடித்தது. வயல்களெல்லாம் சாம்பலுக்கு அடியில். அந்தச் சாம்பலுக்குள்ளேயே குழி தோண்டி, பழைய மண்ணை எட்டி, குழிக்கு ஒரு திராட்சைக் கொடி வைத்தார்கள். காற்று வரும் பக்கம் அரைவட்டமாகக் கல்சுவர். வருடத்துக்கு 150 மில்லிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத தீவு அது. சாம்பல் ஈரத்தைப் பிடித்து மண்ணுக்குக் கடத்துகிறது, வெயிலில் அதைத் திரும்ப உலரவும் விடுவதில்லை. லா ஹேரியா என்று இடத்தின் பெயர். ஒரு கைப்பிடிச் சாம்பலை அள்ளிப் பாருங்கள். மேலே சுடும், இரண்டு விரற்கடை கீழே சில்லென்று இருக்கும்.

ஜூலை 1

தேதியை மாற்ற முடியாது, முன்பணம் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அப்படியானால் திட்டத்தை மாற்றுங்கள்.

எல் இயெரோவை இப்போதே அடித்துவிடுங்கள். அங்கே போவது இறக்கம், காற்று முதுகில். திரும்புவது முழுக்க ஏற்றம், வடகிழக்கை முகத்தில் வாங்கிக்கொண்டு, ஜூலை அலையில், ராத்திரியும் பகலுமாக. ஏரியில் ஓட்டியவருக்கு அது வேண்டாம். அங்கே காற்று எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கோரோனா தெல் வியெந்தோ என்று காற்றாலையும் நீர்த்தேக்கமும் சேர்ந்த மின்நிலையம் அங்கே 2014-இலிருந்து ஓடுகிறது. 2019 கோடையில் 24 நாளுக்கு மேல் டீசலைத் தொடாமல் தீவு முழுக்க மின்சாரம் கொடுத்தது. அது எங்கள் பாய் கிழிபட இருந்த அதே ஜூலை.

லா பால்மாவும் வேண்டாம். கோமேரா மட்டும். காலை ஏழுக்குள் கிளம்புங்கள். பாயை இரண்டு மடிப்புக் குறைத்துக் கட்டிவிட்டுத் துறைமுகத்தை விட்டு வெளியே வாருங்கள், நிழலில் காற்றே இல்லாவிட்டாலும். கப்பிக் கயிறுகள் ஒவ்வொன்றையும் முழு நீளமும் கைக்குள் உருட்டிப் பாருங்கள், கம்பெனிக்காரர் அவசரப்படுத்தினாலும். நங்கூரத்தை நம்பிப் பள்ளத்தாக்கு வாயில் இரவு தங்காதீர்கள். அடியில் பாறை, நங்கூரம் பிடிக்காது, நடு இரவில் மலையிலிருந்து காற்று சரிந்து இறங்கும்.

ஜூலை 1, சற்றுப் பிறகு

இரண்டு மடிப்பு அதிகம் என்று கீழே ஒரு அனுபவசாலி சொல்கிறார். அவர் 20 வருடம் ஓட்டியவர், அவருக்கு ஒன்று போதும். நான் சொன்னது இவர்களுக்கு. மாற்றவில்லை.

ஜூலை 27

கேட்டவர் திரும்பிவிட்டார். அவர் எழுதியது: "அண்ணா, கோமேரா மட்டும் போனோம். நிழல்ல ஒரு மணி நேரம் எஞ்சின்ல போனப்ப எல்லாரும் என்னைத் திட்டினாங்க, பாயை ஏன் சுருக்கி வச்சிருக்கன்னு. அப்புறம் அந்தக் கோடு தெரிஞ்சது. யாரும் பேசலை. 27 காட்டுச்சு. படகு நேரா போச்சு. சான் செபஸ்தியான்ல காற்று விடாம மூணு ராத்திரி கட்டிக் கிடந்தோம். பஸ் ஏறிக் காட்டுக்குப் போனோம். மழை பெய்யலை, ஆனா சட்டை நனைஞ்சிடுச்சு."

ஜூலை 28

27 காட்டியது எத்தனை மணிக்கு? கோடு தெரிந்தபோது ராஸ்கா முனையிலிருந்து எத்தனை மைல் வந்திருந்தீர்கள்? அன்றைய முன்னறிவிப்பு என்ன? நோட்டில் இருந்தால் மூன்றையும் போடுங்கள். என்னிடம் அந்தக் கால்வாயைக் கடந்த ஒன்பது நாளின் கணக்கு இருக்கிறது, உங்களுடையதைச் சேர்த்தால் பத்து. அடுத்த ஜூலையில் வந்து கேட்பவருக்கு எடுத்துக் காட்டலாம்.